பீச்சாங்கை மேஸ்திரி

பந்தியில் உட்காராமல், பந்தியையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். கீரமங்கலம் பக்கத்தில் ஒரு கல்யாணம். எங்கள் பஸ் கம்பெனி முதலாளிக்கு வேண்டிய குடும்பம் என்பதால் நானும் போயிருந்தேன். இந்த மனுஷன் சாம்பார் வாளிக்காரனுக்கு இடைஞ்சலாக நடுவில் நின்றுகொண்டு, பையன்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்தபடி வந்தார். பரிமாறுகிறவர்கள் அவரைப் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் சமையல்காரர் என்று நினைத்தார்கள். எனக்கோ மானம் போயிற்று, ஏனென்றால் அவர் என்னோடு வந்தவர், எங்கள் கம்பெனி மேஸ்திரி.

வரிசைக் கடைசியில் ஒரு பையன், பதினாறு வயசிருக்கும், அப்பளத்தை இடது கையால் எட்டி எடுத்தான். பின்னால் நின்ற அவன் அம்மா புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பீச்சாங்கையால திங்கிறியேடா மூதேவி! எத்தன தடவ சூடு வச்சாலும் ஒனக்குப் புத்தி வராதா?"

மேஸ்திரி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நேரே அந்த அம்மாளிடம் போய் நின்றார்.

"ஆத்தா, அடிக்காதீங்க. அந்தக் கைய எனக்குக் குடுத்துருங்க."

"யாருய்யா நீ? கையக் குடுக்கறதாவது!"

"கைய மட்டும் தனியாக் கேக்கல ஆத்தா. பயலோட சேத்துத்தான்."

அவ்வளவுதான், கல்யாண வீடு கூடிவிட்டது. கங்காணி வந்திருக்கிறான், பிள்ளையைச் சிலோன் தோட்டத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று யாரோ சத்தம் போட, நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் விலக்கி, கம்பெனி பெயரைச் சொல்லி, ஹாக்கி ஆட ஆள் பார்க்கிறோம் என்று விளக்கினேன். "ஆக்கின்னா என்ன வேலை அது? உக்காந்து பாக்கறதா, நின்னு பாக்கறதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மேஸ்திரி சொன்னார்: "ஓடிக்கிட்டே பாக்கறது அய்யா."

அந்தப் பையன்தான் கருப்பையா. அப்பா இல்லை. இரண்டு தங்கைகள். கம்பெனியில் வேலையும் உண்டு, சாப்பாடும் உண்டு என்று நான் எழுத்தில் கொடுத்த பிறகுதான் அந்த அம்மாள் அனுப்பிவைத்தாள்.

கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தக் கேஸில் வண்டி ஓட்டினோம். புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி வரைக்கும் போய்வந்தால் டிரைவரும் கண்டக்டரும் யார் யாரென்று அடையாளம் தெரியாது, அத்தனை கரி. அந்தக் கஷ்டத்திலும் எங்கள் முதலாளிக்கு ஹாக்கிப் பைத்தியம். திருச்சிராப்பள்ளியிலிருந்து வருகிற டீமை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதம். ஆகவே ஹாக்கி ஆடுகிற பையன்களைப் பொறுக்கி, கிளீனர், கண்டக்டர், ஷெட் ஆள் என்று வேலை போட்டு, காலையிலும் சாயங்காலமும் ஆடவிட்டார். அவர்களைப் பொறுக்கி, பழக்கி, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்வதற்கு வந்தவர்தான் இந்த ஆள். அப்படி ஒரு உத்தியோகம் கம்பெனியில் கிடையாது. கம்பெனியில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நான். என்ன போடுவதென்று தெரியாமல் 'ஷெட் மேஸ்திரி' என்று போட்டேன். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

எங்கிருந்து வந்தார்? பங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளத்து லைனில் துணி வெளுத்தவர் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, அங்கே கோச்சு வண்டிக் குதிரைக்குப் புல் போட்டவர் என்றார் இன்னொருத்தர். அவரைக் கேட்டால், "எங்கேருந்து வந்தா என்ன ரைட்டரே, வந்த எடத்துல என்ன பண்றேன்னு பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

எனக்கு அவரை முதல் நாளே பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வந்தவர் கும்பிடு போடவில்லை. என் இடது மணிக்கட்டைப் பிடித்தார், இப்படியும் அப்படியும் திருப்பினார், அமுக்கினார், "ம்ஹும்" என்று கீழே விட்டுவிட்டார். செத்த எலியைப் போடுகிற மாதிரி! முப்பது வயசு ஆம்பிளை, ஊரில் நாலு பேர் மதிக்கிற ரைட்டர், என் கையைப் பார்த்து ம்ஹும்! யாரைப் பார்த்தாலும் அவருக்கு இதே வழக்கம். முதலாளியின் கையையும் இப்படிப் பிடித்துப் பார்த்து ம்ஹும் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டபோதுதான் எனக்கு ஆறுதல் வந்தது.

ஏன் இடது கை? அதை அவர் எனக்கு ஒரு நாள் ஷெட்டில் வைத்து, மட்டையை என் கையில் திணித்துப் புரியவைத்தார். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். பந்து மறுபக்கம் போனால் மட்டையைத் திருப்பியாக வேண்டும். திருப்புகிற கை எது? மேலே பிடிக்கிற கை. மேலே பிடிப்பது இடது கை.

"வலது கை சும்மா தள்ளுறதுக்குத்தான் ரைட்டரே. வேலையெல்லாம் இதுதான் செய்யுது. நம்ம ஊர்ல பொறந்த நாள்லேருந்து அடிச்சு அடிச்சு இதைத்தான் தூங்க வச்சிருக்காங்க. எவன் கை அடி வாங்கியும் தூங்காம இருக்கோ, அவன் எனக்கு வேணும்."

இதற்காகத்தான் பந்தி பந்தியாகப் போனார். பள்ளிக்கூடங்களுக்குப் போய், நல்லா ஓடுகிற பையன் யார் என்று கேட்கமாட்டார். "இடது கையால எழுதி அடி வாங்குற பய இருக்கானா?" என்று கேட்பார். வாத்தியார்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். சொல்லட்டுமே! திருச்சி டீம்காரர்கள் மைதானத்துக்கு வெளியே நின்று ஓட்டப் பந்தயம் வைத்து ஆள் எடுத்தபோது, இவர் அப்பளத்தை வைத்து ஆள் எடுத்தார். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

ஷெட்டுக்குப் பின்னால் சரளைக் கல் நிறைந்த செம்மண் பொட்டல். அதுதான் கிரவுண்டு. பந்து எங்கே தாவும் என்று பந்துக்கே தெரியாது. முதலாளி கல்லைப் பொறுக்கிச் சமன் பண்ணித் தருகிறேன் என்றார். மேஸ்திரி விடவில்லை. "கல்லு கெடக்கட்டும் மொதலாளி, பயலுக கண்ணத் தொறந்து வச்சிருப்பானுக" என்றுவிட்டார்.

ஆட்டம் நடக்கும்போது அவர் பந்தைப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால் அவர் அந்தப் பக்கம், பந்து இல்லாத பையனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "பந்து இருக்கறப்ப எல்லாப் பயலும் ராசாதான். அதப் பறிகொடுத்தப்பறம் என்ன பண்றான்னு பாக்கணும்" என்பார். பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்ற பையன் அன்றைக்கே மூட்டை கட்டலாம். கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே திரும்பி ஓடுகிறவனை வைத்துக்கொள்வார்.

அவருக்கு எழுதத் தெரியாது. சனிக்கிழமை தோறும் என் மேஜைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பையனைப் பற்றியும் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். இப்படி இருக்கும்: "ஓட்டம் உண்டு. கோவம் உண்டு. கோவத்தக் கொஞ்சம் கொறைக்கணும். ஒரேயடியாக் கொறைச்சுறக் கூடாது." இன்னொருவனுக்கு: "காது நல்லாக் கேக்குது. சொன்னது உள்ள எறங்க மாட்டேங்குது. ஆறு மாசம் பாக்கலாம்." இன்னொருவனுக்கு: "தங்கமான பய. ஆட வராது. டிக்கெட் கிழிக்க விடுங்க." நான் இலக்கணமாகத் திருத்தி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இது நான் சொன்னது இல்லையே, யாரு சொன்னா?" என்று சண்டைக்கு வருவார். நான் கோபத்தில் பேனாவை வீசிய நாட்கள் உண்டு. அவர் எடுத்து வந்து கையில் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

வேண்டாம் என்று ஒருவனை அனுப்புவதானால் அவரே பஸ் வரைக்கும் கூட நடந்துபோய், என்ன காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். அதற்கு ஆள் விடமாட்டார். ஒரு பையன் அவர் மேல் காறித் துப்பியதை நான் பார்த்தேன். துடைத்துக்கொண்டு, வண்டி கிளம்புகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கறம்பக்குடிப் பையன் ஒருவனை, மாசக்கணக்கில் நாங்கள் அத்தனை பேரும் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டபோதும், "இவன் ஆடுவான்" என்று வைத்திருந்தார். அவன் ஒரு நாள் நாலு புது மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். நான் போய், "என்ன மேஸ்திரி, உங்க ஆளைக் காணோமே?" என்று குத்தலாகக் கேட்டேன். மனுஷன் அசையவில்லையே! "ஓட்டம் நல்லாருக்குன்னு சொன்னேனா, இல்லையா?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்கவைக்க ஆண்டவனாலும் ஆகாது.

பையன்களைப் பழக்குகிற விதம்தான் ஊரையே பேசவைத்தது. கரி அள்ளுவது, வாளி தூக்குவது, கதவைத் திறப்பது, பல் துலக்குவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் இடது கை. வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டு ஒரு மணி நேரம் மட்டையைச் சுழற்றவிடுவார். சோறு மட்டும் வலது கையால் தின்னலாம். ஊரில் எங்கள் டீமுக்கு 'பீச்சாங்கைக் கம்பெனி' என்றும், அவருக்கு 'பீச்சாங்கை மேஸ்திரி' என்றும் பெயர். டிக்கெட்டை இடது கையால் நீட்டியதற்காகக் கண்டக்டர்கள் பிரயாணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

"மேஸ்திரி, இது வெனயில முடியும். நாளைக்கு இவன் கோயில்ல திருநீறு வாங்க எந்தக் கையை நீட்டுவான்?" என்று நானே எச்சரித்தேன்.

"சாமி ஒண்ணும் சொல்லாது ரைட்டரே. குருக்கள்தான் சத்தம் போடுவாரு."

கருப்பையா இரண்டு வருஷத்தில் என்னவாக ஆனான் என்பதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. இடப்பக்கம் ஆடுவான். பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். எதிராளி வலது பக்கம் மறித்தால் மட்டை திரும்பிவிடும், இடது பக்கம் மறித்தால் மறுபடி திரும்பிவிடும், பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும். அவன் சம்பளத்தில்தான் அவன் அம்மாளும் தங்கைகளும் சாப்பிட்டார்கள். மேஸ்திரி அவனை ஒரு தடவைகூடப் பாராட்டவில்லை. "ம், பாத்தேன்" என்பார். அந்தப் பையனுக்கு அது போதும்.

திருச்சி டீம் வந்தது. புதுக்கோட்டையே மைதானத்தில் நின்றது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம், இரண்டும் கருப்பையா போட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன், பக்கத்தில் நின்ற ஆளைக் கட்டிப்பிடித்தேன், யாரென்றே தெரியாது. முதலாளி குழந்தை மாதிரி அழுதார். மேஸ்திரி மட்டும் தோற்ற டீமில் எவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பரிசளிப்பு. சமஸ்தானத்துப் பெரிய அதிகாரி ஒருவர், அரண்மனைக்கு நெருக்கமானவர், வெள்ளித் தட்டில் மெடல்களை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் பஸ் லைசென்ஸெல்லாம் அவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது. முதல் பெயர் கருப்பையா. பையன் நெஞ்சு நிமிர்த்தி மேடை ஏறினான், கும்பிட்டான், அதிகாரி மெடலை எடுத்து நீட்டினார்.

கருப்பையா இடது கையை நீட்டினான்.

இரண்டு வருஷமாக எதை வாங்கினாலும் எந்தக் கையால் வாங்கினானோ, அந்தக் கையை நீட்டினான். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். மெடலைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பையன் நீட்டிய கையோடு நின்றான். அவனுக்கு என்ன நடந்ததென்றே சற்று நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் ஆபீஸுக்கு வந்துவிட்டார் முதலாளி. தூங்கவில்லை என்று கண்ணிலே தெரிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். கருப்பையா வெளியே வாசற்படிக்குக் கீழே, மட்டையும் இல்லாமல், தலையைக் குனிந்து நின்றான்.

"ரைட்டர், நோட்டை எடும். 'கருப்பையா, ஆட்டத்துக்கு லாயக்கில்லை, நீக்கப்பட்டான்'னு எழுதும்."

நான் எழுதினேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, எழுதினேன்.

"மேஸ்திரி கைநாட்டு வச்சாத்தான் செல்லும். இத நான் இன்னைக்கே கொண்டுபோய் அந்த அதிகாரிகிட்டக் காட்டியாகணும்" என்றார் முதலாளி.

"என்ன எழுதுனீங்க ரைட்டரே? வாசிங்க."

வாசித்தேன்.

"இது நான் சொன்னது இல்லையே. யாரு சொன்னா?"

"நான் சொன்னேன்யா!" முதலாளி மேஜையைத் தட்டினார். "லைசென்ஸ் போச்சுன்னா நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். ஒரு பயலுக்காக நாப்பது குடும்பத்த நான் பட்டினி போடவா? வையி நாட்டு!" மை டப்பாவைத் தள்ளினார்.

மேஸ்திரி வலது கைக் கட்டை விரலை மையில் வைத்தார்.

"எடது கைய வையி! சர்க்கார் காயிதத்துக்கு எடது கை ரேகைதான் செல்லும்னு தெரியாதா ஒனக்கு?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று முதலாளிக்கே உறைத்தது. மேஸ்திரி விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்ப காயிதத்துக்கு மட்டும் பீச்சாங்கை ஆகும். மெடலுக்கு ஆகாது. அப்படித்தானுங்களே? இந்தக் கைய நான் பொய்க்குத் தர மாட்டேன் மொதலாளி. அவன் லாயக்கில்லைன்னா இந்தச் சமஸ்தானத்துல லாயக்கான பய ஒருத்தனும் இல்ல. எங்கிட்டு வேணும்னாலும் வந்து சொல்றேன். அரமனையில வந்தும் சொல்றேன்."

"அப்ப நான் என்னதான்யா செய்யட்டும்? அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?" முதலாளி குரல் உடைந்துவிட்டது. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மேஸ்திரி சனிக்கிழமைகளில் உட்காருகிற மாதிரி என் மேஜைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அத அடிச்சுப்புட்டு, புதுசா எழுதுங்க ரைட்டரே. ஆளு, மேஸ்திரி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எழுதுங்கன்னா! பார்வை உண்டு. பயலுகளுக்கு மட்டையப் பழக்கத் தெரியும். மேடையப் பழக்கத் தெரியல. பய நீட்டுனது இவன் பழக்குன கைய. குத்தம் இவன் மேல. பெரிய மனுசங்க முன்னால ஆடுற டீமுக்கு இவன் ஆக மாட்டான். எடுத்துறலாம்."

"என்னய்யா ஒளர்றே?" என்றார் முதலாளி.

"ஒளறலைங்க. அவருக்குக் காட்ட ஒரு காயிதம் வேணும், அதுல ஒரு பேரு வேணும். பேரு குடுத்துட்டேன். அதுவும் நெசமான பேரு."

அவர் பெயரை அந்த நோட்டில் நான் முதலும் கடைசியுமாக எழுதியது அன்றைக்குத்தான். இங்கே அதை எழுதப்போவதில்லை. நீக்கப்பட்டவர் பட்டியலில் ஒரு தடவை எழுதியதே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

"வாசிங்க" என்றார். வாசித்தேன். "அழுதுகிட்டே வாசிச்சா எனக்கு வெளங்காது ரைட்டரே. மறுபடி மொதல்லேருந்து வாசிங்க." மறுபடி வாசித்தேன். ஒரு எழுத்துக்கூட நான் திருத்தவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, இடது கைக் கட்டை விரலை மையில் தோய்த்து, காகிதத்தில் அழுத்தி வைத்தார்.

பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"மணி ஏழாச்சு. பய வெளிய நிக்கிறான். ஆடப் போகச் சொல்லவா?"

முதலாளி நோட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக அந்தப் பையனைப் பார்த்தார். நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போகச் சொல்லு" என்றார்.